யார் எடுத்தால் திருட்டு?

சிட்னித் தமிழருக்கு மேய்ஸ் ஹில் என்றால் முருகன் கோயில். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் 1999இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி, பெண்டில் ஹில் என்று சுற்றுவட்டாரமே வந்து சேரும். கும்பிட்டு, பிரசாதம் வாங்கி, காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் மெனக்கெட்டுப் பரமட்டா பூங்காவைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனால், உயர்ந்த மதில்களுக்குள் பழைய மணற்கல் கட்டடங்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஏழ்மை எப்படிக் குற்றமாக்கப்படுகிறது என்பதை இந்த நாட்டில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட பெண் கைதிகளை அடைத்து வேலை வாங்க 1821இல் அங்கே ஒரு ஆலை திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு வரைபடம் போட்ட பிரான்சிஸ் கிரீன்வே தானே ஒரு கைதி. கள்ள ஆவணம் தயாரித்ததற்காக நாடு கடத்தப்பட்டவர். உள்ளே இருந்த பெண்களில் ஏராளமானோர் செய்த குற்றம் துணி, கைக்குட்டை, கொஞ்சம் சாமான் திருடியது. கம்பளி நூற்கவும் துணி துவைக்கவும் வைக்கப்பட்ட அவர்களுக்கு 1827இல் ரொட்டியும் சர்க்கரையும் நிறுத்தப்பட்டபோது, கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கிச் சாப்பாட்டைப் பறித்தார்கள். அடக்கப் பட்டாளம் வந்தது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இருநூறு வருடம் கழிந்தால் திருட்டுக்கூடக் குலப்பெருமை ஆகும்; நேற்று நடந்த திருட்டுக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

அந்த ஆலையை ஒட்டியே இன்னொரு கட்டடம். 1887 முதல் 1974 வரை அது சிறுமிகளுக்கான சீர்திருத்த இல்லம். அங்கே அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் எதையும் திருடியவர்கள் கிடையாது. போலீஸோ குழந்தைநலத் துறை அதிகாரியோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நீதிமன்றத்தில் நிறுத்துவார். அங்கே வாசிக்கப்படும் குறை, 'கவனிப்பாரற்றவள்' அல்லது 'ஒழுக்கக் கேட்டுக்கு ஆளாகும் நிலையில் இருப்பவள்'. தகப்பன் குடிகாரன், தாய் நோயாளி, வீட்டில் அடுப்பெரியவில்லை. அதற்காக மதிலுக்குள் போனது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளை. பழங்குடிச் சிறுமிகள் பலர் அதில் அடக்கம். உள்ளே அவர்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை, இல்லம் மூடப்பட்டு நாற்பது வருடம் கழித்து, 2014இல் அரசு அமைத்த உயர் விசாரணைக் குழுவான ராயல் ஆணையம் விசாரித்தது. பிள்ளையை வளர்க்க அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்காத காசை, பிள்ளையை அடைத்து வைக்க அரசு மனமுவந்து செலவழித்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் ஏறக்குறைய இவ்வளவுதான்: ஏழ்மைக்கும் குற்றத்துக்கும் நடுவே கொள்கை என்று ஒன்று இருக்கிறது. எதைக் குற்றம் என்று எழுதுவது, எதைத் தவறு என்று மன்னிப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

நமக்கு இது புதிதா? சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஊர் ஊராகக் கைரேகை எடுத்த காலத்தை மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1871இல் வடக்கே பிறந்த அந்தச் சட்டம் 1911க்குப் பிறகு தெற்கே வந்தது. பிறப்பே குற்றம் என்றது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். ஒருவர் மாயக்காள் என்ற பெண். நிலமும் நீரும் இல்லாத சனங்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதைவிட, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வைப்பது சுலபமாக இருந்தது.

கணினி சொன்ன கள்ளக் கணக்கு

இந்த நூற்றாண்டுக்கு வருவோம். சென்டர்லிங்க் என்பது ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகை அலுவலகம். வேலையில்லாதவர், படிக்கிறவர், மாற்றுத்திறனாளி, முதியவர் எல்லோருக்கும் பணம் அதன் வழியாகத்தான். கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அண்ணை, உவங்கள் வேலைக்குப் போக மாட்டாங்கள். சென்டர்லிங்க் காசை எடுத்துக் குடிச்சுக்கொண்டு திரியிறாங்கள். நாங்கள் வரி கட்டுறம்." நம்மவர் மட்டும் பேசும் பேச்சில்லை இது. அரசியல்வாதிகளும் தொலைக்காட்சிகளும் பல வருடமாகப் பாடிய பாட்டு. அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுத்தான் ரோபோடெட் வந்தது.

2015இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2016இல் முழுவேகம் பிடித்த திட்டம் அது. நாடு பூராவும் உதவித்தொகை வாங்கியவர்கள் வருமானத்தை மறைத்து அரசை ஏமாற்றுகிறார்கள் என்பது அனுமானம். அதை நிரூபிக்கக் கையாண்ட வழியைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். வரித்துறையிடம் உள்ள ஒரு வருட வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களால் வகுத்தார்கள். அவ்வளவுதான். ஒரு பையன் பாதி வருடம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறான். மீதிப் பாதியில் வேலை போய், சட்டப்படி உதவித்தொகை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி என்ன சொல்லும்? வருடம் முழுக்க, இருவாரத்துக்கு 1,000 டாலர் வந்திருக்கிறது, ஆகவே நீ வாங்கிய உதவித்தொகை கடன், திருப்பிக் கட்டு. ஒழுங்கான மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சராசரி பொருந்தும். ஆனால் அவர் உதவித்தொகை வாங்கப் போவதில்லையே! இன்றைக்கு வேலை, நாளைக்கு இல்லை என்று இருப்பவருக்குத்தான் அது தேவைப்படும். அவருக்குத்தான் கணக்கு தப்பும்.

நீ கடன்பட்டிருக்கிறாய் என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. படவில்லை என்று நீ நிரூபி என்றார்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூடிப்போன கடையில் வேலை பார்த்தவர் எங்கே போவார்? முன்பு வருடத்துக்கு 20,000 என்றிருந்த விசாரணைகள், வாரத்துக்கு 20,000 கடிதங்கள் என்று ஆயின. பலருடைய கடன்மேல் பத்து சதவீதத் தண்டம் வேறு. தனியார் வசூல்காரர்கள் போனில் துரத்தினார்கள். சென்டர்லிங்கைக் கவனிக்கும் துறையின் அமைச்சராக இருந்த ஆலன் டட்ஜ், தப்பாகப் பணம் வாங்கியவர்களைத் தேடிப் பிடிப்போம், சிறைக்கும் போக நேரலாம் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார்.

2019 நவம்பரில் ஒரு வழக்கில், இப்படிச் சராசரி போட்டுக் கடன் எழுப்பியது சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பிறகு கூட்டு வழக்கு. 2021இல் மத்திய நீதிமன்றம் பதிவு செய்த கணக்கு இது: ஏறத்தாழ 4,33,000 பேர்மீது சட்டவிரோதமாகச் சுமத்தப்பட்ட கடன் 170 கோடி டாலருக்கு மேல், அதில் 75 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தும்விட்டார்கள். இல்லாத கடனை மிரட்டி வசூலிப்பதை நம் ஊரில் ஒரு ரவுடி செய்தால் அதற்கு வழிப்பறி என்று பெயர். முன்னாள் நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் ஆணையம் 2023 ஜூலை 7 அன்று அறிக்கை கொடுத்தது. கடிதம் வந்த பின் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார் அங்கே சாட்சி சொன்னார்கள். யார் யார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற அத்தியாயம் மூடி முத்திரையிட்டுத் தரப்பட்டது. தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 2024இல் விசாரிக்க மாட்டேன் என்றது. எதிர்ப்புக் கிளம்பி, அந்த முடிவு எடுக்கப்பட்ட விதமே தவறு என்று தெரிந்த பின், 2025 பிப்ரவரியில் விசாரிக்கிறேன் என்றது. வட துருவத்தில் பனி உருகும் வேகம்கூட இதைவிட அதிகம் என்று தோன்றுகிறது.

காசு வேலை

இதே காலத்தில் மறுபக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2015 ஆகஸ்டில் செவன் இலெவன் கடைகளின் சம்பள மோசடி வெளியே வந்தது. இரவுக் கவுன்டரில் நின்றவர்களில் பலர் வெளிநாட்டு மாணவர்கள், இந்தியப் பிள்ளைகள் உட்பட. சட்டப்படியான சம்பளத்தில் பாதிதான் கையில் கிடைத்தது. மாணவர் விசாவில் அன்று இருவாரத்துக்கு 40 மணிநேரம்தான் வேலை செய்யலாம் (இப்போது 48). முதலாளி அதற்கு மேல் வேலை வாங்குவார், கேள்வி கேட்டால், "இமிக்ரேஷனுக்குச் சொல்லவா?" என்பார். சில கடைகளில் இன்னும் நுணுக்கம்: வங்கியில் முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டு, பாதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்த தொகை 17 கோடி டாலர் அளவு.

கல்லாவிலிருந்து நூறு டாலர் எடுத்த ஊழியன் அன்றைக்கே குற்றவாளி. ஊழியனிடமிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்த முதலாளி? அது தொழிலாளர் விதிமீறல். அபராதம் கட்டினால் முடிந்தது. விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் 2020, 2021 வாக்கில் தனிச் சட்டம் போட்டன. நாடு முழுமைக்கும், வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது குற்றம் என்று ஆனது 2025 ஜனவரி 1 முதல்தான். பத்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. 1821இலிருந்து கணக்குப் பார்த்தால், ஏழை எடுத்தால் திருட்டு என்பதற்கும் ஏழையிடமிருந்து எடுத்தாலும் திருட்டு என்பதற்கும் நடுவே இருநூறு வருடத்துக்கு மேல். நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் கணக்கில் காட்டாமல் ரொக்கச் சம்பளம் கொடுத்து வாங்கும் 'காசு வேலை' விஷயத்தில் சுத்தம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல யாராவது முன்வந்தால், அவர்களோடு பேச ஆசை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2012 ஆகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்தவர்களுக்கு, அவர்களில் ஈழத்தமிழர் கணிசம், தற்காலிக விசா கொடுத்துச் சமூகத்துக்குள் விட்டார்கள். வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. கையில் கொடுத்தது சாதாரண வேலையில்லா உதவித்தொகையில் 89 சதவீதம். பிறகுதான் மெல்ல மெல்ல வேலை உரிமை வந்தது. அந்த இடைக்காலத்தில் வாடகை கட்ட ஒளிந்து வேலை செய்தவர் சட்டத்தை மீறியவர். இப்படி ஒரு பொறியை வைத்துவிட்டு, அதில் விழுந்தவனைக் குற்றம் சொன்னால் என்ன நியாயம்? நிரந்தர வதிவிடம் கிடைத்து வருகிறவருக்கும் 2019 முதல் வேலையில்லா உதவித்தொகைக்கு நான்கு வருடக் காத்திருப்பு. முன்பு அது இரண்டு.

அபராதச் சீட்டிலிருந்து சிறை வரை

வறியவர் எல்லோரும் குற்றம் செய்வதில்லை. பெரும்பாலோர் செய்வதே இல்லை. வசதியான வீடுகளுக்குள் விழும் அடி போலீஸ் பதிவேட்டுக்கு எளிதில் வருவதும் இல்லை. இருந்தாலும் சிறைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பச் சில ஊர்களிலிருந்தே போகிறார்கள். நியூ சவுத் வேல்ஸின் சிறைத்துறைக்கு 1979 முதல் 1981 வரை தலைவராக இருந்த டோனி வின்சன், பிற்காலத்தில் அஞ்சல் எண் வாரியாக இதை ஆராய்ந்தார். 2015 அறிக்கையின்படி, மாநிலத்தின் 6 சதவீத அஞ்சல் எண்களுக்குள், மிக மோசமான இடர்ப்பாடுகளில் பாதி அளவு குவிந்து கிடக்கிறது. வேலையின்மை, படிப்பை இடையில் விடுதல், நோய், சிறைவாசம் எல்லாம் ஒரே தெருவில். 2005இல் சிட்னியின் தென்மேற்கே மெக்குவாரி ஃபீல்ட்ஸில், போலீஸ் துரத்திய கார் மோதி இரு இளைஞர்கள் இறந்த பிறகு பல இரவுகள் கலவரம் நடந்தது. வேலை இருக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில், அரசே கட்டி ஏழைகளை மட்டும் குடியேற்றிய குடியிருப்பு அது. சமூகப் பின்தங்கலைக் காரணம் காட்டுவதை அன்றைய மாநில முதல்வர் பாப் கார் ஏற்கவில்லை. அந்தக் குடியிருப்பைக் கட்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

சிறைப் பாதை பல சமயம் ஒரு அபராதச் சீட்டில் தொடங்குகிறது. டிக்கெட் இல்லாமல் ரயிலேறினால் சிட்னியில் 200 டாலர். மருத்துவருக்கு அது ஒரு மத்தியானச் சாப்பாடு. வேலையில்லாதவருக்கு, ஒரு நாள் உதவித்தொகை 56 டாலர் அளவு என்றால், ஏறக்குறைய நான்கு நாள் வாழ்க்கை. கட்டாவிட்டால் ஓட்டுநர் உரிமம் நிறுத்தப்படும். மேற்குச் சிட்னியில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் அது குற்ற வழக்கு. 1987இல் போக்குவரத்து அபராதம் கட்டாததற்காக நான்கு நாள் சிறைக்குப் போன ஒரு இளைஞன் லாங் பே சிறைக்குள் அடிக்கப்பட்டு நினைவிழந்து கிடந்த பிறகுதான், அபராதத்துக்காகச் சிறை என்பதை நியூ சவுத் வேல்ஸ் கைவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா கைவிடவில்லை. 2014இல் செல்வி டூ என்று மட்டும் பொதுவெளியில் அறியப்படும் 22 வயதுப் பழங்குடிப் பெண், 3,622 டாலர் அபராதப் பாக்கிக்காகக் காவலில் வைக்கப்பட்டு இறந்தார். அங்கே சட்டம் திருந்த 2020 ஆனது. மெல்போர்ன் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த டான்யா டே என்ற பழங்குடிப் பெண்ணைப் பொது இடத்தில் குடிபோதை என்று இறக்கிக் காவலில் வைத்ததும், அவர் இறந்ததும் 2017இல். குடிபோதையைக் குற்றமில்லை என்று விக்டோரியா மாற்றியது 2023 நவம்பரில். நியூ சவுத் வேல்ஸ் அதை 1979இலேயே செய்துவிட்டிருந்தது. நாட்டின் மக்கள்தொகையில் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பழங்குடியினர், கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

மாற்று வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. சிட்னியிலிருந்து வடமேற்கே 800 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது பர்க் என்ற சிற்றூர். அங்குள்ள பழங்குடிச் சமூகமே முன்னின்று மராங்குகா என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிறைக்குப் போகும் காசைக் குற்றம் நடக்கும் முன்பே ஊருக்குள் செலவிடு என்பது அதன் அடிப்படை. உரிமம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். குடும்பச் சண்டை நடந்த வீட்டுக்கு மறுநாளே போலீஸும் ஊர்க்காரரும் சேர்ந்து போனார்கள். பள்ளியை விட்ட பிள்ளையைத் தேடிப் போனார்கள். கேபிஎம்ஜி நிறுவனம் 2018இல் மதிப்பிட்டபோது, குடும்ப வன்முறைப் பதிவுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. சிறார் வழக்குகளில் முக்கியமான ஐந்து வகைகளில் 38 சதவீதக் குறைவு. பன்னிரண்டாம் வகுப்புவரை தங்கிப் படிப்பவர்கள் 31 சதவீதம் கூடியிருந்தார்கள். ஒரு சிறுவனைத் தடுப்பு மையத்தில் வைக்க ஒரு நாளைக்கு 2,500 டாலருக்கு மேல் செலவாகும் நாட்டில், இதைவிட மலிவான வழி வேறு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறுவது சிறைதான். பத்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம் என்பது நியூ சவுத் வேல்ஸில் இன்னும் சட்டம். அந்த வயதை 12ஆக உயர்த்திய நார்தர்ன் டெரிட்டரி 2024 தேர்தலுக்குப் பிறகு மறுபடி 10க்கு இறக்கிவிட்டது. ஓட்டு கிடைத்தது, வேறென்ன வேண்டும்?

மேய்ஸ் ஹில் பக்கத்தில் குடியிருக்கும் வாசகர்களுக்குச் சில செய்திகள். இந்த மாநிலத்தில் அபராதம் கட்ட முடியாதவர் பணத்துக்குப் பதிலாக வேலையாலும் படிப்பாலும் மருத்துவ சிகிச்சையாலும் அதைக் கழிக்கலாம். மாதம் 1,000 டாலர் வரை கழியும். மனநலச் சிக்கல், குடி, வீடின்மை, கடும் பணநெருக்கடி உள்ளவர்களுக்கான ஏற்பாடு இது. அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எயிடில் இலவசமாகக் கேட்கலாம். மாணவப் பிள்ளை குறைந்த சம்பளத்தைப் பற்றி தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தில் முறையிட்டால், மணிநேர வரம்பை மீறியதற்காக விசாவை ரத்து செய்யாமலிருக்க 2017 முதலே ஏற்பாடு உண்டு. தமிழில் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். குடியுரிமை எடுக்காத பிள்ளைகள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்து உள்ளே இருந்தால், 2014 டிசம்பர் முதல், விசா கட்டாயமாக ரத்து செய்யப்படும். அபராதக் கடிதம் வந்தால் பிரிக்காமல் மேசையில் வைக்காதீர்கள். பிரித்து, உடனே ஒரு சட்ட உதவி அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.